சங்குக்கூடத் தெரு வளையமான காலை

தூத்துக்குடியில் உப்பளத்துக்குப் போகிற வழியில் சங்குக்கூடத் தெரு என்று ஒன்று உண்டு. முன்காலத்தில் சங்கு அடுக்கி வைத்த ஒரே நீளக் கிட்டங்கியைத் தடுத்துத் தடுத்து வீடுகளாக்கியதால் அங்கே ஒவ்வொரு வீடும் அடுத்த வீட்டின் சுவரையே தன் சுவராக வைத்துக்கொண்டு வரிசையாக நிற்கும். முன்னால் வாசல் உண்டு, பின்னால் கள்ளன் பயத்துக்கு எழுப்பிய பவளக்கல் சுவர்தான், அதில் எட்டாத உயரத்தில் ஒரு காற்றுத் துவாரம் தவிர வேறு வழி கிடையாது. அந்தத் தெருவில்தான், பங்குனி வெயில் தொடங்கியிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், ஆட்டோக்கார அமலி வாய் நிறையப் பற்பசை நுரையோடு கதவைத் திறந்து எட்டிப் பார்த்தபோது, நேற்று வரை அவள் வீட்டுக்கு இடப்பக்கம் இருந்த மாவு மில் வலப்பக்கம் இருந்தது, நடுத்தெருவில் இருந்த மைதீன் பாயின் டீக்கடை தெருக்கோடிக்குப் போய் அங்கேயே பாலைக் கொதிக்க விட்டுக்கொண்டிருந்தது.

மாவு மில் செல்லக்கனி வாசலைப் பெருக்கிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள்.

"அமலி, இந்தப் பக்கமா வந்துட்டிய? நல்லதாப் போச்சு. மில்லுச் சத்தம் காதுக்குள்ள குத்துதுன்னு உங்க அம்மை சொல்லிக்கிட்டே இருந்தாவ."

"இப்பவும் பக்கத்துலதானக்கா இருக்கோம்."

"இருந்தா என்ன. இது வேற காதுல்லா."

அமலி நுரையைத் துப்பிவிட்டு இன்னொரு தரம் பார்த்தாள். வீடுகள் அதே வீடுகள், ஓட்டில் காய்ந்த பாசி அதே பாசி, ஆள்களும் அதே ஆள்கள், வரிசை மட்டும் வேறு. பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்ற நேரமாகிவிட்டதால் அவள் ஆட்டோவைத் தேடிப் போனாள். அது மட்டும் வைத்த இடத்திலேயே நின்றது.

அதற்குப் பிறகு தெரு அடிக்கடி மாறியது. சில நாள் இரண்டு வீடுகள் இடம் மாற்றிக்கொள்ளும், சில நாள் மொத்த வரிசையும் சீட்டுக்கட்டைக் கலைத்துப் போட்டது போல வேறாகியிருக்கும், ஒரு நாள் நேர்வரிசை இல்லாமல் மூன்றாவது வீட்டின் விலாவிலிருந்து நான்கு வீடுகள் கிளை பிரிந்து நின்றன. தூங்கப் போகையில் ஒருவராக இருந்த பக்கத்து வீட்டுக்காரர் எழும்போது வேறொருவராக இருந்தார். ஏன் என்று கேட்டவர்கள் முதல் வாரத்தோடு ஓய்ந்துவிட்டார்கள், எப்படிச் சமாளிப்பது என்று கேட்டவர்களுக்குத்தான் வேலை இருந்தது. கதவு எண்ணை நம்பித் தபால் கொண்டுவந்தவர் இரண்டு நாள் அலைந்துவிட்டுப் பிறகு தெருமுனையில் நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிடப் பழகினார். மாநகராட்சி ஆள் ஒருவர் புதிய எண்களைச் சுவரில் எழுதிப் போனார், மறுநாள் அந்த எண்கள் முன்னும் பின்னுமாகக் கிடந்ததைப் பார்த்து ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பிப் போனார். கோயில் சப்பரம் எந்த வீட்டு முன்னால் முதலில் நிற்க வேண்டும் என்று வருஷா வருஷம் நடந்த வழக்கு தானாகவே முடிந்தது. மற்றத் தெருக்காரர்கள் சாயங்காலம் சாப்பாட்டுத் தூக்கோடு வேடிக்கை பார்க்க வந்தார்கள், தங்கள் தெரு அசையாமல் நிற்பதைச் சொல்லும்போது அவர்கள் குரலில் கொஞ்சம் வெட்கம் இருந்தது.

ஆனால் அமலிதான் முதலில் ஒன்றைக் கவனித்தாள். வரிசை மாறினால் தெருவின் குணமும் மாறியது. மைதீன் பாயின் கடை கோடியில் நின்ற நாளில் தெருவுக்கே லேசான போதை ஏறியது போலிருக்கும், ஆளாளுக்குப் பாட்டு வரும், போனவர் வந்தவரெல்லாம் தோளில் கை போட்டுக்கொள்வார்கள். அதே கடை நடுவில் நின்ற நாளில் யாருக்கும் வீட்டில் கால் தரிக்காது. டீயை வாங்கிய கையோடு ஆளாளுக்கு ஒரு பக்கம் பறந்துவிடுவார்கள், பத்து மணிக்குத் தெரு காலியாகக் கிடக்கும். கிளை பிரிந்த நாளிலோ எல்லாருக்கும் சட்டென்று கொதித்தது, சட்டென்று ஆறியது.

இதை அவள் அதே தெருவில் குடியிருந்த வடிவு டீச்சரிடம் சொன்னாள். சண்முகவடிவு பெண்கள் கல்லூரியில் வேதியியல் எடுக்கிறவள், அமலி வயதுதான் இருக்கும், புருஷன் ஐயம்பெருமாளுக்குத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற வேலை. தலைப்பிள்ளை வயிற்றில் இருந்ததால் பஸ் வேண்டாமென்று அமலியின் ஆட்டோவில்தான் தினமும் கல்லூரிக்குப் போய் வந்தாள். அமலியும் அதே கல்லூரியில் வேதியியல் படித்து, கரிம வேதியியல் தாளில் திரும்பத் திரும்பத் தோற்று, அப்பா இறந்ததும் படிப்பை விட்டுவிட்டு அவர் ஆட்டோவை எடுத்தவள்.

அவள் சொல்லி முடிப்பதற்குள் வடிவு முன் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தாள்.

"அமலி, வண்டியை ஓரங்கட்டு."

"வயிறு வலிக்கா டீச்சர்?"

"வயிறு கிடக்கட்டும். நீ இப்ப என்ன சொன்னேன்னு உனக்குத் தெரியுதா? அது மாற்றியம். அணுக்கள் அதே அணுக்கள், எண்ணிக்கையும் அதேதான். கோத்திருக்கிற விதம் மாறினா பொருளே மாறிரும். ரெண்டு கார்பன், ஆறு ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன். அந்த ஆக்சிஜன் ஓரத்துல நின்னா சாராயம். ரெண்டு கார்பனுக்கும் நடுவுல போய் நின்னா பாத்திரத்துல நிக்காமப் பறந்து போற வாயு. மைதீன் பாய் கடை ஆக்சிஜன்ட்டி."

அமலி சாலையோரம் உப்பு லாரிகள் புழுதி கிளப்பிப் போவதைப் பார்த்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பரீட்சைக்கு முந்தைய ராத்திரிகளில் தலைகீழாக நின்று மனப்பாடம் செய்தும் நெஞ்சில் ஒட்டாமல் போன பாடம் அது. புத்தகத்தில் கோடுகளும் எழுத்துகளுமாகக் கிடந்தது இப்போது செல்லக்கனி அக்காவாகவும் மைதீன் பாயாகவும் எழுந்து நடமாடியது. அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கமாட்டாமல் வந்தது, வடிவும் வயிற்றைத் தாங்கிக்கொண்டு சிரித்தாள்.

அன்றிலிருந்து இருவருக்கும் விடிவதே ஒரு திருவிழாவாகிவிட்டது. கதவைத் திறந்ததும் அமலி வரிசையைப் பார்ப்பாள், ஆட்டோவில் ஏறியதும் வடிவு அதற்குப் பெயர் சொல்லுவாள். இடம் மட்டும் மாறியிருந்தால் இட மாற்றியம், கிளை பிரிந்திருந்தால் சங்கிலி மாற்றியம். ஒரு நாள் வரிசை அப்படியே இருக்க, மில்லின் வாசல் மட்டும் தெருவுக்கு முதுகைக் காட்டி உப்பளத்தைப் பார்த்துத் திரும்பியிருந்தது. ஒரே பக்கம் பார்த்திருந்த இரண்டு வாசல்களும் எதிரெதிர்ப் பக்கம் பார்த்தன, செல்லக்கனியும் பக்கத்து வீட்டுக்காரியும் அன்று முழுக்கச் சண்டையில்லாமல் இருந்தார்கள். "புறவெளி மாற்றியம்" என்றாள் வடிவு, அல்வாத் துண்டை வாயில் போட்டுக்கொண்டது போல.

இன்னொரு நாள் வரிசையில் ஒரு மாற்றமும் இல்லை என்று எல்லாரும் நினைத்தார்கள். பிறகுதான் சாவி மறுபக்கம் சுழல்வதும், செருப்பு கால் மாறிக் கிடப்பதும், கடிகாரம் பின்னோக்கிப் போவதும் தெரிந்தது. தெரு கண்ணாடிக்குள் இருக்கிற தெருவாகியிருந்தது. அமலியின் அம்மா அரைத்த புதினாத் துவையல் மருந்துக்கடைச் சதகுப்பையாக மணத்தது. காலையில் தின்ற இட்லி பசியைத் தொடவேயில்லை, மறுபடியும் தின்றார்கள், அப்போதும் தொடவில்லை, பிள்ளைகள் தின்று தின்று அழுதார்கள். "சாப்பாடு வலக்கை, நம்ம வயிறு இன்னைக்கு இடக்கை," என்றாள் வடிவு, "ஒண்ணுக்குள்ள ஒண்ணு சேராது. இது மட்டும் நாளைக்கும் நீடிச்சா ஆபத்து அமலி." நீடிக்கவில்லை. மறுநாள் காலை புதினா புதினாவாக மணத்தபோது தெருவே நாலு தரம் சாப்பிட்டது.

ஆனால் எல்லாருக்கும் பயமான வரிசை ஒன்று இருந்தது. சவேரியும் தொம்மையும் ஒட்டி நிற்கிற வரிசை.

இருவரும் கூடப்பிறந்தவர்கள், பேச்சு நின்று வெகுகாலமாகிவிட்டது. தம்பி தொம்மை மாலத்தீவில் வேலைக்குப் போயிருந்த காலத்தில், அப்பா கடலுக்குப் போய்வந்த பழைய வள்ளம் உளுத்துப் போய்விட்டதென்று அண்ணன் சவேரி அதை உடைத்து விறகாக்கிவிட்டார். தொம்மை அந்த வள்ளத்துக்கென்று புதுப்பாய் வாங்கிக்கொண்டு வந்து இறங்கினார். கரையில் வள்ளம் கிடந்த இடத்தில் பள்ளம்தான் இருந்தது. அதற்குப் பிறகு தெருவின் ஒரு கோடி வீட்டில் அவரும் மறு கோடி வீட்டில் இவருமாக இருந்துவிட்டார்கள். தெரு மாறத் தொடங்கிய பின் எப்போதாவது அவர்கள் வீடுகள் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடும். அன்று காரணமில்லாமல் பால் திரியும், குக்கர் வெடிக்கும், நல்ல மனுஷர்களும் வாய்க்கு வந்ததைப் பேசிக் கைகலப்பார்கள்.

"வெள்ளி, கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன்," என்று வடிவு ஒரு நாள் விரல் மடக்கினாள். "ஒரு வரிசையில கோத்தா சும்மா கிடக்கிற வெள்ளைப் பொடி. வேற வரிசையில கோத்தா தொட்டாலே வெடிக்கும். ஒரு விஞ்ஞானி அந்தப் பொடியை ஆராய்ச்சி பண்ணினாரு, இன்னொருத்தர் வெடிக்கிறதைப் பண்ணினாரு. நீ சொல்றது தப்புன்னு ரெண்டு பேருக்கும் சண்டை. கடைசியில பார்த்தா ரெண்டும் சரி."

"பெறகு?"

"பெறகு சாகுற வரைக்கும் சிநேகிதம்."

"இங்க அது நடக்காது டீச்சர்," என்றாள் அமலி.

வடிவுக்கு மாதம் நெருங்கியது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, வலி வந்தால் ஒரு நிமிஷம் தாமதிக்காமல் வரவேண்டும், ஆபரேஷன்தான் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள். அமலி தொலைதூரச் சவாரியை விட்டுவிட்டுத் தெருவுக்குள்ளேயே வண்டியைத் தயாராக நிறுத்தி வைத்தாள்.

அப்படி இருக்கையில்தான் ஒரு காலை அவள் கதவைத் திறந்தாள், எதிரே சாலை இல்லை, மைதீன் பாயின் கடை இருந்தது. இடப்பக்கம் பார்த்தாள், வடிவின் வாசல். வலப்பக்கம், செல்லக்கனியின் வாசல். வரிசை வளைந்து வளைந்து, தலையும் வாலும் ஒட்டி, எல்லா வாசலும் உள்ளே பார்க்க, எல்லா முதுகும் வெளியே பார்க்க, நடுவில் ஒரு வட்ட முற்றமும் அதற்கு மேல் ஒரு வட்ட வானமும் அதன் நடுவில் அவள் ஆட்டோவுமாகத் தெரு வளையமாகியிருந்தது.

இதைப் போல ஒன்றை யாரும் பார்த்ததில்லை. பிள்ளைகள் சுற்றிச் சுற்றி ஓடினார்கள், தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்வது அவர்களுக்கு அலுக்கவேயில்லை. ஒவ்வொருவர் வாசலும் எல்லார் வாசலுக்கும் எதிர்வாசலாக இருந்தது. ஒரே பார்வையில் அத்தனை முகமும் தெரிந்தது, மைதீன் பாய் நின்ற இடத்தில் நின்று எல்லார் கைக்கும் டீ நீட்டினார், "மஹாராணி மாதிரில்லா இருக்கு" என்று அமலியின் அம்மா நாற்காலியைத் தூக்கி முற்றத்தில் போட்டாள். இதிலேயே இருந்துவிடலாம் என்று ஒருவர் சொல்ல, பலர் தலையாட்டினார்கள். ஆனால் கதவுகள் நிலையில் இறுகிக் கொண்டன, குடத்துத் தண்ணீர் ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றது, சுவர்களுக்குள் கயிறு முறுக்குகிற சத்தம் மெல்லக் கேட்டுக்கொண்டே இருந்தது.

அந்தக் குதூகலத்தின் நடுவில் வடிவு தன் வாசற்படியில் வந்து நின்று, நிலையைப் பிடித்துக்கொண்டு, "அமலி, பனிக்குடம் உடைஞ்சிட்டு," என்றாள்.

சுற்றிச் சுற்றி ஓடிய பிள்ளைகள் நின்றுவிட்டார்கள்.

துறைமுகத்திலிருந்து வேலை முடிந்து வந்த ஐயம்பெருமாள் வெளியே நின்று காற்றுத் துவாரத்தைப் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான், எங்கே வாசல் என்று. வாசல் இல்லை என்று உள்ளேயிருந்து சொன்னார்கள். ஆம்புலன்ஸுக்குச் சொல்லியிருக்கேன், எப்படியாவது வெளியே கொண்டு வாங்க என்று அவன் கத்தினான். ஆண்கள் கடப்பாரையோடு பவளக்கல் சுவரில் பாய்ந்தார்கள், முழு மூச்சாக இடித்து ஒரு கைப்பிடிச் சுண்ணாம்புதான் உதிர்ந்தது. ஏணி வைத்து ஓட்டின் மேல் ஏற்றலாம் என்றார்கள், குறுக்கே பிள்ளை கிடக்கிறவளை எப்படி ஏற்றுவது.

அமலி வடிவை ஆட்டோவின் பின்சீட்டில் சாய்த்து உட்கார வைத்தாள்.

"டீச்சர், வளையத்தை எப்படி உடைக்கிறது?"

வடிவு ஒரு வலி போகும் வரை அவள் கையை நெரித்தாள். வேர்த்திருந்த முகத்தில் அப்போதும் ஒரு வெளிச்சம் இருந்தது.

"வளைய மாற்றியம்... இது சின்ன வளையம் அமலி. சின்ன வளையத்துல இறுக்கம் ஜாஸ்தி. அது எப்படா விடுபடுவோம்னு நிக்கும். வெளிச்சுவரை இடிக்காத. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவுல இருக்கிற பிணைப்பை உடை. எங்க ரொம்ப இழுக்குதோ, அங்க."

அமலி வீடு வீடாக ஓடினாள். ஒவ்வொரு பொதுச்சுவரிலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். மில் சுவர் குளிர்ந்திருந்தது, டீக்கடைச் சுவர் வழக்கமான அடுப்புச் சூட்டில் இருந்தது. கடைசியாக, காலைக் குதூகலத்தில் யாரும் கவனிக்காமல் விட்ட, தலையும் வாலும் ஒட்டிய இடத்துக்கு வந்தாள். சவேரியின் படுக்கையறையும் தொம்மையின் படுக்கையறையும் ஒரே செங்கல் சுவரைப் பங்கு போட்டிருந்தன. அதில் கை வைத்ததும் ஏற்றத்தில் மூச்சு வாங்குகிற எஞ்சின் போல அது அதிர்ந்தது.

சவேரி கட்டிலில் உட்கார்ந்து அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, இந்தச் சுவரை இடிக்கணும்."

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. அந்தப் பக்கம் அவன் சம்மதிக்கணுமே. போய்க் கேட்டுட்டு வா."

அமலி வாசல் வரை போய்த் திரும்பினாள். முற்றத்தில் வடிவின் முனகல் கேட்டது.

"நேரமில்ல மாமா. நான் தூது போறதுக்குள்ள அங்க ஒரு உசுரு போயிரும். சுவரு மெலிசுதான். நீங்களே கேளுங்க."

சவேரி எழுந்து நின்றார். சுவரில் நெற்றியை வைத்தார்.

"ஏல தொம்மை."

அந்தப் பக்கம் கட்டில் கிரீச்சிட்டது. வாசலில் கூடி நின்றவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

"என்ன," என்றது சுவர்.

"உன் பக்கம் கட்டில் கிடக்கா?"

"கிடக்கு."

"தள்ளிப் போடு. நான் இடிக்கப் போறேன்."

"நீ இடிக்காத. உன் பக்கம் உத்தரம் இறங்கிரும். நான் இங்கயிருந்து இடிக்கேன், நீ முட்டுக் கொடு."

"எனக்கு ஒண்ணும் வயசாகல. நீ முட்டுக் கொடு."

"அப்ப ரெண்டு பேரும் இடிப்போம்."

இடித்தார்கள். ஒரு பக்கம் கடப்பாரை, மறுபக்கம் சம்மட்டி, ஒரு அடிக்கு மறு அடி, ஒன்றுக்கொன்று பதில் சொல்லுவது போல விழுந்தது. காரை உதிர்ந்தது, ஒரு செங்கல் நகர்ந்தது, அந்த ஓட்டை வழியாகப் புழுதி படிந்த ஒரு முகம் இன்னொரு முகத்தைப் பார்த்தது.

"அந்த வள்ளம்..." என்றார் சவேரி.

"இப்ப என்ன வள்ளம்," என்றார் தொம்மை. "இடி."

கடைசி வரிசைச் செங்கல் சரிந்தபோது, நெடுநேரம் மூச்சைப் பிடித்திருந்த ஒருவர் விட்டது போல, தெரு முழுக்க ஒரு பெருமூச்சு ஓடியது. இறுகியிருந்த கதவுகள் தாமாகத் திறந்தன, குடத்துத் தண்ணீர் நேரானது, சவேரியின் வீடு ஒரு பக்கமும் தொம்மையின் வீடு மறுபக்கமுமாக இரட்டைக் கதவின் பலகைகளைப் போல மெல்ல விலக, நடுவில் சாலை தெரிந்தது, சாலையில் உப்புக் குவியல் வெள்ளையாகத் தெரிந்தது, அதற்கு முன்னால் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு ஐயம்பெருமாள் நின்றிருந்தான். ஆம்புலன்ஸுக்குக் காத்திராமல் அமலி வண்டியைக் கிளப்பினாள். ஓடுகிற வண்டியிலேயே அவன் தொற்றி ஏறினான். பின்னால் அண்ணனும் தம்பியும் சுண்ணாம்பு அப்பிய உடம்போடு, சுவரில்லாத இரண்டு அறைகளின் விளிம்பில் நின்று, ஒருவரைப் பார்த்து ஒருவர் ஏதோ கத்திக்கொண்டிருந்தார்கள். அது சண்டையா பேச்சா என்று அமலிக்குக் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் வடிவைத் தள்ளுவண்டியில் உள்ளே கொண்டுபோன பிறகு அமலியால் உட்கார முடியவில்லை. நடந்தாள், நின்றாள், ஐயம்பெருமாளுக்கென்று தண்ணீர் வாங்கித் தானே அதைக் குடித்தாள். நர்ஸ் கதவைத் திறந்து பெண்பிள்ளை என்றாள். தாயும் நல்லா இருக்காவளா என்று அமலிதான் முதலில் கேட்டாள். நல்லா இருக்காங்க, தெருவு என்ன வடிவத்துல இருக்குன்னு கேட்டாங்க என்றாள் நர்ஸ், மயக்கத்தில் ஏதோ உளறுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு.

பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்த நாளில் தெரு நேர்வரிசையில் மரியாதையாக நின்றது. செல்லக்கனி ஆரத்தி எடுத்தாள், மைதீன் பாய் எல்லாருக்கும் ஏலக்காய் போட்ட டீ கொடுத்தார், சவேரியும் தொம்மையும் பிள்ளைக்கு யாருடைய மூக்கு என்று வாதாடினார்கள், அவர்கள் இருவருக்கும் அந்தப் பிள்ளை எந்த வகையிலும் சொந்தமில்லை. எல்லாரும் கலைந்த பிறகு வடிவு அமலியைக் கையசைத்துக் கூப்பிட்டாள்.

"நாம இதுவரைக்கும் பார்த்த வடிவம் ஒண்ணுகூட இனிமே வராது அமலி. இவ வந்து சேர்ந்துட்டால்லா. எண்ணிக்கை மாறிட்டு. இது வேற பொருள். என்னென்ன விதமாக் கோக்கும், என்ன குணம் வரும், எனக்கே ஒண்ணும் தெரியாது."

"புஸ்தகத்துல இல்லையா?"

"இல்ல," என்றாள் வடிவு, கண் மின்ன.

மறுநாள் காலை அமலி வழக்கத்தைவிட முன்னதாகவே விழித்துக்கொண்டாள். தாழ்ப்பாளில் கை வைத்தபோது தெரு நெடுக மற்றத் தாழ்ப்பாள்களும் நீக்கப்படுகிற சத்தம் கேட்டது, ஒருவருக்கும் பொறுமையில்லை. வெளியே பிள்ளைகளின் கூச்சலும் செல்லக்கனியின் சிரிப்பும் "இங்க வந்து பாருல" என்று தொம்மை யாரையோ கூப்பிடுகிற குரலும் எழுந்தன. அவள் கதவை இழுக்கப் போனாள். அப்போது அவள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம், இதுவரை வடிவின் வீடு ஒரு நாளும் வந்து ஒட்டாத பக்கம், பச்சைப்பிள்ளை ஒன்று வீறிட்டு அழுதது. அமலி கதவை விட்டுவிட்டுச் சுவரில் காதை வைத்தாள்.